எல்க் வேட்டைக்கு மேப் ஆப் வாங்கப் போறீங்களா, கொலராடோவுல எனக்கு நடந்ததைப் படிச்சிட்டு பணம் கட்டுங்க

எல்க்ங்கிற பெரிய மானை வேட்டையாட அக்டோபர் ரைஃபிள் சீசனுக்கு அமெரிக்காவுல கொலராடோ மலைப் பக்கம் போறவங்க, அதுலயும் நம்ம ஆளுங்கள்ல புதுசா ஹண்டர் எஜுகேஷன் கார்டு (வேட்டைப் பயிற்சி முடிச்ச சான்று) வாங்கி முதல் எல்க் டேக் (ஒரு எல்க் அடிக்கிறதுக்கான அனுமதிச் சீட்டு) எடுத்திருக்கவங்க, ஜிபிஎஸ் மேப் ஆப்புக்கு வருஷ சந்தா கட்டுறதுக்கு முன்னாடி இதை முழுசா படிச்சிருங்க. காசு போனது மட்டும்னா நான் இவ்ளோ எழுதியிருக்க மாட்டேன், எங்க ரெண்டு பேர் லைசன்ஸும் போயிருக்கும், அதான் விஷயம்.

ஆப் பேரை இங்க போடல. இதே கோளாறு வேற ஆப்லயும் இருக்கலாம், அதனால எதை செக் பண்ணணும்னு தெரிஞ்சுக்கிறது தான் உங்களுக்கு உபயோகம்.

முதல்ல இந்த ஊர் சட்டம். கொலராடோவுல தனியார் நிலத்துல வேட்டையாடணும்னா முன்கூட்டியே அனுமதி வாங்கணும். வேலி இல்ல, போர்டு இல்ல, எனக்கு எப்படித் தெரியும்னு கேட்க முடியாது, எல்லை எங்கன்னு தெரிஞ்சுக்கிறது வேட்டைக்காரன் பொறுப்பு. மாட்டினா லைசன்ஸ்ல பாயிண்ட் ஏறும், 20 பாயிண்ட் சேர்ந்தா சஸ்பெண்ட் பண்ணலாம், இங்க சஸ்பெண்ட் ஆச்சுன்னா மாநிலங்களுக்கு நடுவுல இருக்கிற ஒப்பந்தத்தால மத்த பெரும்பாலான மாநிலத்துலயும் உங்களால வேட்டைக்குப் போக முடியாது. அதனால தான் இந்த ஆப்புக்கெல்லாம் நூறு டாலர் பக்கம் கொடுத்து வாங்குறோம், அழகான சாட்டிலைட் படம் பார்க்கிறதுக்கு இல்ல, இது யார் நிலம்ங்கிற அந்த ஒரு கோட்டுக்காக.

நாங்க போனது மொஃபட் கவுண்டி, க்ரெய்க் ஊருக்கு வெளிய. வடமேற்கு கொலராடோ, எல்க் நிறைய இருக்கிற பகுதி, ஆனா நிலம் துண்டு துண்டா கிடக்கும், பி.எல்.எம். (மத்திய அரசோட பொது நிலத் துறை) நிலம் கொஞ்சம், நடுவுல தனியார் ரான்ச் (மாட்டுப் பண்ணை), அப்புறம் மாநில நிலம், மறுபடி பி.எல்.எம். முதல் நாள் ராத்திரி மோட்டல்ல உட்கார்ந்து வைஃபைல அந்த ஏரியா முழுக்க டவுன்லோட் போட்டோம். என்கூட வந்த அண்ணன் ஸ்க்ரீன்ல விரலை வச்சு "தம்பி, இந்த ஓடைக்கு அந்தப் பக்கமும் பப்ளிக் தானா, நல்லா பாத்துக்க"ன்னு கேட்டார். "ஆமாண்ணே, முழுக்க ஒரே பச்சை, தொட்டாலும் பப்ளிக் லேண்ட்னு தான் வருது"ன்னு காட்டினேன். அப்படித்தான் இருந்தது.

காலைல சிக்னல் போனதும் ஆப் தன் வேலையைக் காட்டுச்சு. டவுன்லோட் ஆகிடுச்சுன்னு டிக் போட்டுக் காட்டின அதே மேப், மலைக்குள்ள திறந்தா நில உரிமை லேயரே இல்ல, கோடும் இல்ல நிறமும் இல்ல, மங்கலா ஒரு சாட்டிலைட் படம், அது மேல நீலப் புள்ளி, அதுக்கு மேல சப்ஸ்கிரிப்ஷனை உறுதிப்படுத்த லாகின் பண்ணுங்கன்னு ஒரு பெட்டி. டவரே இல்லாத இடத்துல எங்க போய் லாகின் பண்றது? இதுல ஜிபிஎஸ் மேல தப்பு இல்லைங்கிறதைப் புரிஞ்சுக்கோங்க. ஃபோன்ல இருக்கிற ரிசீவர் நேரா சாட்டிலைட்ல இருந்து எடுக்குது, ஏர்பிளேன் மோட்லயும் வேலை செய்யும். நாம நிக்கிற இடம் சரியாத் தெரிஞ்சுது, அந்த இடம் யாரோடதுன்னு சொல்றதுக்குத் தான் காசு வாங்கினாங்க, அது தான் காணோம்.

முந்தின ராத்திரி பார்த்த எல்லை ஞாபகம் இருந்ததால ஓடையைத் தாண்டிப் போனோம். கொஞ்ச நேரத்துல பக்கத்து ரான்ச்ல வேலை செய்யற ஒருத்தர் ஏ.டி.வி.ல (மலைப் பாதையில ஓட்டுற சின்ன நாலு சக்கர வண்டி) வந்து நிறுத்தினார், இது நாங்க மாடு மேய்க்க லீசுக்கு எடுத்த மாநில நிலம், வேட்டைக்குத் திறக்கல, கிளம்புங்கன்னார். மரியாதையாத் தான் பேசினார், ஆனா வைல்ட்லைஃப் ஆபீசருக்கும் ஃபோன் போட்டுட்டார். ஆபீசர் எங்க வண்டி கிட்ட வந்து லைசன்ஸ், டேக், துப்பாக்கி எல்லாம் பார்த்து, என்ன நடந்ததுன்னு பொறுமையா கேட்டு, எச்சரிக்கையோட விட்டுட்டார். வேற ஆளா இருந்தா அங்கயே டிக்கெட் எழுதியிருக்கலாம், அவருக்கு சட்டத்துல இடம் இருந்தது.

ஆப் பண்ண வேலை என்னன்னா, அரசாங்கம்னு பேர் இருக்கிற எல்லா நிலத்துக்கும் ஒரே பச்சை அடிச்சு வச்சிருக்கான். 1876-ல கொலராடோ மாநிலமானப்போ ஒவ்வொரு டவுன்ஷிப்லயும் (நிலத்தை அளந்து பிரிச்ச பெரிய சதுரம்) இருக்கிற 36 செக்ஷன்ல, அதாவது சின்னச் சதுரத்துல, 16-ஆவதும் 36-ஆவதும் பள்ளிக்கூட வருமானத்துக்குன்னு மாநிலத்துக்குக் கொடுத்தாங்க. ஸ்டேட் டிரஸ்ட் லேண்ட்னு சொல்றது அதுல இருந்து வந்தது தான், ஸ்டேட் லேண்ட் போர்டு அதை லீசுக்கு விட்டு சம்பாதிக்குது. இங்க அது பொதுமக்களுக்குத் தானாத் திறந்த நிலம் கிடையாது. மாநில வனவிலங்குத் துறையோட பப்ளிக் ஆக்சஸ் ப்ரோக்ராம்ல சேர்த்த துண்டுகள்ல மட்டும் தான் போகலாம், அதுக்கும் தேதிக் கட்டுப்பாடு உண்டு. பக்கத்து வயோமிங்ல விதியே வேற. 50 மாநில நில உரிமைன்னு விளம்பரம் போட்டு விக்கிறவனுக்கு இந்த அடிப்படை கூட தெரியலன்னா, இல்ல தெரிஞ்சும் பிரிச்சுக் காட்டலன்னா, என்னத்துக்கு காசு வாங்குறான்? பி.எல்.எம். விக்கிற சாதா பேப்பர் மேப்லயே பி.எல்.எம். மஞ்சள், ஃபாரஸ்ட் பச்சை, மாநில நிலம் நீலம், தனியார் வெள்ளைன்னு தெளிவா பிரிச்சிருக்கு. ஊருக்கு வந்து ஒப்பிட்டுப் பார்த்தேன், நாங்க நின்ன சதுரம் பளிச்சுன்னு நீலம்.

ஸ்க்ரீன்ஷாட்டோட புகார் அனுப்பினேன். ரொம்ப நாள் கழிச்சு வந்த பதில், மேப் தகவல் குறிப்புக்காக மட்டும், சரிபார்க்கிறது பயனாளர் பொறுப்பு. விக்கும்போது எல்லை துல்லியம்னு பெரிய எழுத்துல போடுறீங்க, மாட்டினா பொடி எழுத்தைக் காட்டுறீங்க, இது ஏமாத்து தான், வேற பேர் எனக்குத் தெரியல.

கேன்சல் பண்ணப் போனா அது ஒரு தனிக் கொடுமை. நான் பணம் கட்டினது அவங்க சைட்ல, கார்டு போட்டு. ஆப்ல கேன்சலைத் தொட்டா ஃபோனோட ஸ்டோருக்குத் தள்ளி விடுது, ஸ்டோர்ல போய்ப் பார்த்தா அப்படி ஒரு சப்ஸ்கிரிப்ஷனே இல்லைங்குது, திரும்ப சாட்ல கேட்டா ஒரு பாட் அதே லிங்க்கைத் தருது. இப்படி அலைய விட்டுட்டு அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து எடுத்துட்டாங்க.

நீங்க வாங்குறதா இருந்தா ட்ரையல் நாட்கள்லயே வீட்ல வச்சு சோதிங்க. போகப் போற ஏரியாவை டவுன்லோட் பண்ணி, ஏர்பிளேன் மோட் போட்டு, ஃபோனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, அப்புறம் ஆப்பைத் திறந்து நிலத்தைத் தொடுங்க, உரிமையாளர் பேரும் எல்லைக் கோடும் வரலன்னா அந்த ஆப் வேண்டாம். ஸ்டேட் டிரஸ்ட் லேண்ட் ஒண்ணு தேடிப் பிடிச்சு அதுக்கு என்ன நிறம் காட்டுதுன்னு கட்டாயம் பாருங்க. மாநிலத் துறையோட ஹண்டிங் அட்லஸ் இலவசம், யு.எஸ்.ஜி.எஸ். (அமெரிக்க அரசோட புவியியல் ஆய்வுத் துறை) டோப்போ மேப்பும் (மலை மேடு பள்ளம் காட்டுறது) ஃபாரஸ்ட் சர்வீஸோட வண்டிப் பாதை மேப்பும் இலவசம், அவென்சா மாதிரி ஆப்ல ஏத்திக்கிட்டா சிக்னல் இல்லாமலே அது மேல நீங்க நிக்கிற இடம் தெரியும். குளிர்ல ஃபோன் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதனால பேப்பர் மேப் ஒண்ணு பையில இருக்கட்டும்.

தனியார் நிலத்துக்கு நடுவுல ரெண்டு பப்ளிக் சதுரம் மூலையில மட்டும் தொடுற இடத்துல ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தாண்டலாம்னு 2025 மார்ச்ல பத்தாவது சர்க்யூட் கோர்ட் (சில மாநிலங்களுக்கான மத்திய அப்பீல் கோர்ட்), வயோமிங் எல்க் மவுண்டன் வழக்குல சொன்னதை வச்சு நிறைய பேர் தைரியமா கிளம்புறாங்க. கொலராடோ அந்த கோர்ட் எல்லைக்குள்ள வருது, மொன்டானா வராது. ஆனா அந்த வழக்குல இருந்த வேட்டைக்காரங்க அரசாங்க சர்வே அடையாளக் கல்லைத் தேடிப் பிடிச்சு, அந்த இடத்துல தான் தாண்டினாங்க, அடுத்த வருஷம் தனியார் மண்ணைத் தொடாம இருக்க ஏணியே கொண்டு போனாங்க. திறந்த வானத்துக்குக் கீழயே ஃபோன் ஜிபிஎஸ் 5 மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும், மூலைங்கிறது ஒரு புள்ளி. ஆப் கோட்டை மட்டும் நம்பி அந்த வேலையில இறங்காதீங்க.

பணத்துக்கு இப்போ பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டிருக்கேன், கிரெடிட் கார்டுன்னா ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள்ள எழுத்துல கொடுக்கணும். கேன்சல் பண்ண முயற்சி பண்ணப்போ எடுத்த ஸ்க்ரீன்ஷாட், சாட் பதில், விளம்பரத்தோட படம் எல்லாத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கேன். உங்களுக்கும் இதே மாதிரி காசு எடுத்திருந்தா அந்த 60 நாள் ஓடிட்டே இருக்கு, இன்னைக்கே ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்க.