ஒரே ரிமோட்டில் ஹோம் தியேட்டர்: சில வருடம் ஓட்டினால்தான் தெரிகிற விஷயங்கள்

டிவி, ஏவி ரிசீவர் (எல்லாக் கருவிகளின் படத்தையும் ஒலியையும் வாங்கி டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் பிரித்துத் தரும் பெட்டி), டிடிஎச் பெட்டி, ஃபயர் டிவி ஸ்டிக். சாதாரண ஹோம் தியேட்டர் என்றாலே இந்த நாலும் இருக்கும். வசதி கூடினால் புரொஜக்டரும் ஏசியும் சேரும். எல்லாவற்றையும் ஒரே ரிமோட்டில் அடக்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் போட்டிருக்கும் எண்ணிக்கையைத்தான்: 15 கருவிகள், லட்சக்கணக்கான மாடல்கள். முதல் வாரத்துக்கு அது போதும். மூணாவது மாதத்தில் அந்த ரிமோட் சோபாவில் கிடக்குமா, டிராயருக்குள் போகுமா என்பதைத் தீர்மானிப்பது வேறு கேள்வி. டிவி இப்போது ஆனில் இருக்கிறதா, ஆஃபில் இருக்கிறதா என்று தெரியாமலேயே சரியான உத்தரவை அனுப்ப அந்த ரிமோட்டுக்கு வழி இருக்கிறதா?

கம்பெனி ரிமோட்டில் உள்ள பவர் பட்டன் பெரும்பாலும் டாகிள். ஆஃபில் இருந்தால் ஆன் ஆகும், ஆனில் இருந்தால் ஆஃப் ஆகும். "படம் பார்" என்று ஒரு மேக்ரோ (ஒரே அமுக்கலில் வரிசையாகப் போகும் உத்தரவுகள்) எழுதி, அதில் டிவிக்கும் ரிசீவருக்கும் டாகிள் போட்டால், யாராவது டிவியைக் கையால் ஏற்கெனவே போட்டிருந்த அன்றைக்கு டிவி அணைந்து ரிசீவர் மட்டும் எரியும். வீட்டில் மற்றவர்கள் அந்த ரிமோட்டைத் தொடாமல் போவதற்கு இது ஒன்றே போதும். இதற்கு மருந்து ஆனுக்கும் ஆஃபுக்கும் தனித்தனிக் கோட், அதாவது ரிமோட் அனுப்பும் தனித்தனிக் குறியீடு. சாம்சங், எல்ஜி டிவிகள் கம்பெனி ரிமோட்டில் பட்டனே இல்லாத தனி ஆன் கோடையும் தனி ஆஃப் கோடையும் ஏற்கும். எச்டிஎம்ஐ 1, எச்டிஎம்ஐ 2 என்று நேரடியாகத் தாவும் கோடுகளும் உண்டு. டெனான், யமஹா போன்ற ரிசீவர்களிலும் ஆன், ஆஃப், இன்புட் எல்லாவற்றுக்கும் தனிக் கோட் இருக்கிறது. ரிமோட் வாங்குமுன் அதன் செயலியில் உங்கள் டிவி மாடலைத் தேடுங்கள். பட்டியலில் 'பவர் ஆன்', 'பவர் ஆஃப்' என்று இரண்டு தனி வரிகள் வருகிறதா, வெறும் 'பவர்' மட்டும் வருகிறதா என்று பாருங்கள். வெறும் 'பவர்' மட்டும் என்றால் அந்தத் தரவுத்தளம் எத்தனை பெரிதாக இருந்தும் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

ஒரு காலத்தில் பிரபலமாயிருந்த லாஜிடெக் ஹார்மனி ரிமோட் இதை வேறு விதமாகச் சமாளித்தது. எந்தக் கருவி எந்த நிலையில் இருக்கிறது என்று ரிமோட்டே கணக்கு வைத்துக்கொள்ளும். கணக்கு தப்பினால் 'ஹெல்ப்' பட்டன் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிசெய்யும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம்மூரில் கரண்ட் கட் என்று ஒன்று இருக்கிறதே! போய் வந்ததும் டிவியும் ரிசீவரும் பொதுவாக ஸ்டாண்ட்பைக்குப் போய்விடும். சில டிடிஎச் பெட்டிகள் தானாகவே ஆன் ஆகிவிடும். ரிமோட்டின் கணக்குக்கு இது எதுவும் தெரியாது. தனிக் கோட் போட்டிருந்தால் கணக்கே தேவையில்லை. டாகிள் மட்டுமே உள்ள பெட்டியை மேக்ரோவில் சேர்க்காமல் எப்போதும் ஆனிலேயே விட்டுவிடுவது நல்லது. மின்செலவு கொஞ்சம் கூடும், தலைவலி போகும்.

அடுத்த பிரச்சினை, சாதாரண ரிமோட் அனுப்பும் அகச்சிவப்புக் கதிரையே (ஐஆர்) புரிந்துகொள்ளாத கருவிகள். ஃபயர் டிவி ஸ்டிக், பிளேஸ்டேஷன் 4, 5 இவற்றில் ஐஆர் கண் கிடையாது. ஆப்பிள் டிவி பெட்டியிலும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸிலும் உண்டு. ஐஆர் மட்டும் அனுப்பும் ரிமோட்டை வாங்கிவிட்டு ஸ்டிக்குக்கு எந்தக் கோட் என்று தேடுவதில் அர்த்தமில்லை. ப்ளூடூத் உள்ள ரிமோட் அல்லது ஹப் (ரிமோட்டின் உத்தரவை வாங்கிக் கருவிகளுக்கு அனுப்பும் சின்னப் பெட்டி) வேண்டும். அதை ஸ்டிக்கின் அமைப்புகளில் ப்ளூடூத் விசைப்பலகைபோல இணைக்கலாம். அம்புக்குறி, ஓகே, பேக், ஹோம் எல்லாம் ஓடும்; அலெக்ஸா குரல்தேடல் பொதுவாக ஓடாது. அதற்காகப் பழைய ரிமோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இன்னொன்று: ஸ்டிக்குக்கு டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து கரண்ட் கொடுத்தால், டிவியை அணைக்கும்போதெல்லாம் ஸ்டிக்கும் செத்து, மறுபடி முதலிலிருந்து பூட் ஆகும். மேக்ரோ அனுப்பும் உத்தரவுகள் அந்த இடைவெளியில் காற்றோடு போகும். கூடவே வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள்.

டிடிஎச், அரசு கேபிள் பெட்டிகளில் பல, வெளிநாட்டுத் தரவுத்தளங்களில் கிடைக்காது. அதனால் பழைய ரிமோட்டின் கோடைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் லேர்னிங் வசதி கட்டாயம். இரண்டு ரிமோட்டையும் மேசைமேல் மூக்குக்கு மூக்கு, 3 முதல் 5 செ.மீ. தள்ளி வையுங்கள். பழைய ரிமோட்டுக்குப் புது பேட்டரி போடுங்கள். நேர் வெயிலும் பளிச்சென்ற எல்இடி விளக்கும் படாத இடம் வேண்டும். பட்டனை அமுக்கிப் பிடிக்காமல் ஒரு தட்டு தட்டி விடுங்கள்; அமுக்கிப் பிடித்தால் திரும்பத் திரும்ப வரும் துணுக்குகளும் சேர்ந்து பதிவாகி, பிறகு ஒரு அமுக்கலுக்கு இரண்டு சேனல் தாவும்.

இவ்வளவு செய்தும் ஒரு விநோதக் கோளாறு வரலாம்: சேனல் 12 போட்டால் போகும், 11 போட்டால் 1 மட்டும் விழும். பிலிப்ஸின் ஆர்சி-5 என்ற ரிமோட் குறியீட்டு முறையில் ஒவ்வொரு புது அமுக்கலுக்கும் ஒரு பிட் மாறும். பட்டனை விடாமல் பிடித்திருந்தால் மாறாது. இரண்டையும் கருவி பிரித்தறிவது அதை வைத்துத்தான். கற்றுக்கொண்ட ரிமோட் எப்போதும் பதிவான ஒரே பிட்டையே அனுப்புவதால், இரண்டாவது 1-ஐப் பெட்டி "இன்னும் அமுக்கிக்கொண்டிருக்கிறார்" என்று எடுத்துக்கொள்கிறது. எத்தனை முறை திரும்பக் கற்பித்தாலும் இது தீராது. தரவுத்தளத்தில் அதே முறையைச் சேர்ந்த வேறு மாடலின் கோடைத் தேடிப் போடுவதே வழி. அலைவரிசையும் கவனிக்க வேண்டியது: பெரும்பாலான கருவிகள் 38 கிலோஹெர்ட்ஸ், ஆர்சி-5 36, சோனி 40. எல்லாவற்றையும் 38-இல் அனுப்பும் மலிவான பிளாஸ்டர் (போனிலிருந்து வரும் உத்தரவை ஐஆராக மாற்றி அனுப்பும் பெட்டி) பக்கத்தில் வைத்தால் வேலை செய்யும், நாலு மீட்டர் தள்ளினால் திணறும்.

ஏசி ரிமோட் தனி ஜாதி. அதன் ஒவ்வொரு அமுக்கலும் வெப்பநிலை, மோடு, விசிறி வேகம் எல்லாவற்றையும் ஒரே நீளமான செய்தியாக அனுப்பும். அதனால் '+' பட்டனைக் கற்பிப்பதில் பயனில்லை. 24 டிகிரி, கூல் என்று வைத்த நிலையில் ஒரு அமுக்கலைக் கற்பித்து, அதற்கு 'ஏசி 24' என்று பேர் வைத்துக்கொள்ளலாம். இத்தனை நீளத்தைப் பதிவுசெய்ய முடியாத ரிமோட்களும் உண்டு.

மேக்ரோவில் பொறுமை முக்கியம். ரிசீவருக்கு ஆன் கொடுத்த கையோடு இன்புட் மாற்றச் சொன்னால் அது காதில் வாங்காது. 6 முதல் 8 விநாடி இடைவெளி விடுங்கள். விளக்கு புரொஜக்டருக்கு அரை நிமிடத்துக்கு மேலேயே வேண்டியிருக்கும். அணைக்கும்போது பல புரொஜக்டர்கள் 'உறுதியா?' என்று கேட்கும். எனவே ஆஃப் உத்தரவை ஒரு விநாடி இடைவெளியில் இரண்டு முறை வையுங்கள். விசிறி நிற்குமுன் ஸ்மார்ட் பிளக்கால் மின்சாரத்தை வெட்டும் மேக்ரோ எழுதினால் விளக்கின் ஆயுள்தான் குறையும். வால்யூம் ஒரு அமுக்கலுக்கு இரண்டு படி ஏறினால் 'ரிப்பீட்' எண்ணிக்கையைக் குறையுங்கள். சோனி கருவிகளில் மட்டும் அளவோடு: ஒரே உத்தரவு குறைந்தது மூன்று முறை வரவேண்டும் என்பது அவர்கள் முறை, அதற்கும் கீழே போனால் பட்டன் செத்ததுபோல ஆகிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் டிவி ஆன் ஆகி உடனே அணைந்தால் சிஇசியை, அதாவது எச்டிஎம்ஐ கேபிள் வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதியைச் சந்தேகியுங்கள். சாம்சங்கில் எனிநெட்+, எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று பேர் மட்டும்தான் வேறு. ரிமோட் ஒரு பக்கமும் எச்டிஎம்ஐ கேபிள் ஒரு பக்கமும் ஒரே டிவியை இயக்கினால் இப்படித்தான் ஆகும். அதற்காக சிஇசியை மொத்தமாக மூடினால், அதே கேபிளில் டிவியின் ஒலியை ரிசீவருக்கோ சவுண்ட்பாருக்கோ அனுப்பும் ஏஆர்சியும் பெரும்பாலும் போய்விடும். 'சேர்ந்து ஆன்/ஆஃப்' என்ற உட்பிரிவை மட்டும் அணைத்தால் போதும். டிவியும் சவுண்ட்பாரும் மட்டுமே உள்ள வீட்டில் நேர்மாறு: சிஇசியை நம்பி யூனிவர்சல் ரிமோட் செலவையே தவிர்க்கலாம்.

கருவிகளை மூடிய அலமாரிக்குள் வைத்திருந்தால் ஹப் வகைதான் சரி. ஒயரோடு வரும் ஐஆர் உமிழியை (கதிரை அனுப்பும் முனை) கருவியின் ஐஆர் கண்ணுக்கு நேராக ஒட்ட வேண்டும். முகப்புக் கண்ணாடியில் டார்ச் அடித்தால் உள்ளே சின்னக் கறுப்புக் குமிழ் தெரியும், அதுதான் இடம். ஒரு அங்குலம் தள்ளி ஒட்டிவிட்டு ரிமோட்டைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம்.

எதை வாங்குவது? ஹார்மனி தயாரிப்பை லாஜிடெக் 2021 ஏப்ரலில் நிறுத்தியது. பயன்படுத்துவோர் இருக்கும்வரை சர்வர் ஓடும் என்று அறிவித்திருந்தாலும், செட்டிங் எல்லாம் அவர்கள் கணக்கில்தான் இருக்கிறது. 2018 டிசம்பரில் ஒரு மென்பொருள் புதுப்பிப்பில் உள்ளூர் இணைப்பு வசதியை எடுத்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகு திருப்பித் தந்த கதையும் உண்டு. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தால் சரி. புது விலை கொடுக்காதீர்கள். அந்த இடத்துக்கு வந்த சோஃபாபேட்டனில் எக்ஸ்1, ஹப்பும் 'ஆக்டிவிட்டி'யும் ("படம் பார்" போல ஒரே பட்டனில் எல்லாக் கருவிகளையும் தயார் செய்வது) உள்ளது. யு1 ஹப் இல்லாமல் ஐஆரும் ப்ளூடூத்தும் மட்டும், சின்னத் திரையில் சக்கரத்தை உருட்டிக் கருவி மாற்ற வேண்டும். தனியாக இருப்பவருக்கு யு1 போதும். பெரியவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு ஆக்டிவிட்டி இல்லாத ரிமோட்டை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். பிராட்லிங்க் மாதிரியான ஐஆர் பிளாஸ்டர் ஏசிக்கும் குரல் உத்தரவுக்கும் அருமை. ஆனால் வால்யூமைக் கூட்ட இருட்டில் போனைத் திறக்க வேண்டியிருந்தால் அது ரிமோட் ஆகாது. ஒன் ஃபார் ஆல் வகை, ஹப்பும் இணையக் கணக்கும் இல்லாமல் வருடக்கணக்கில் ஓடும். ஐஆர் கருவிகள் மட்டும் உள்ளவருக்கு இன்றைக்கும் இதுவே நல்ல பேரம்.

நாளாக நாளாக முதலில் போவது வால்யூம், ஓகே பட்டன்கள். பிரித்து, ரப்பரின் அடியில் உள்ள கரிப்பொட்டையும் சர்க்யூட் போர்டையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் உயிர் வரும். கடலோர ஊர்களில் சார்ஜிங் தொட்டிலின் முனைகள் சீக்கிரம் கறுக்கும். அதற்கும் இதே வைத்தியம். லித்தியம் பேட்டரி உப்பி மூடி தூக்கிக்கொண்டிருந்தால் சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்துங்கள். பட்டன் போயிற்றா, கோட் போயிற்றா என்று சந்தேகம் வந்தால் போனின் முன்பக்க கேமராவை ரிமோட்டின் மூக்குக்கு நேரே பிடித்து அமுக்கிப் பாருங்கள். ஊதா வெளிச்சம் சிமிட்டினால் பட்டன் நன்றாக இருக்கிறது, செட்டிங்கைத்தான் பார்க்க வேண்டும். ப்ளூடூத்தில் போகும் உத்தரவுக்கும், ஹப் வழியாகப் போகும் உத்தரவுக்கும் இந்தச் சோதனை செல்லாது.