சென்சாரை மாற்றச் சொன்னார்கள், அறுந்திருந்தது வயர்

எட்டு வருடமாக ஓட்டும் கார். போன வருடம் திடீரென ஈஎஸ்சி (வண்டி வழுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிய ஆரம்பித்தது. ஸ்கேனரில் யு0126 என்ற பழுதுக் கோடு வந்தது, அதாவது ஸ்டியரிங் கோண சென்சாருடன் தொடர்பு இல்லை. அழித்தால் நாலைந்து நாள் வராது. அப்புறம் ஏதாவது ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மறுபடி எரியும். காட்டிய இடத்தில் சென்சாரை மாற்றிவிடலாம் என்றார்கள். ஆனால் யு-வில் தொடங்கும் கோடு சென்சாரிடமிருந்து செய்தி வரவில்லை என்றுதான் சொல்கிறது, சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. வயரைப் பார்க்காமல் புதுசு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் சென்சாருக்கு வரும் சப்ளையையும் எர்த்தையும் சின்ன பல்பு போட்டுப் பார்த்தேன். நன்றாக எரிந்தது. மீட்டரை மட்டும் நம்பினால் போதாது, ஒற்றை இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டிவிடும்.

அடுத்து பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே அளந்தேன். 60 ஓம். கேன் லைன் என்பது காரின் கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் இரட்டை வயர். அதன் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 வந்தால் முதன்மை லைன் சரி. 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கும், பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். ஆனால் 60-ஐப் பார்த்ததும் மூட்டை கட்டிவிடக் கூடாது. சென்சாருக்குப் பிரிந்து போகும் கிளை அறுந்திருந்தாலும் இங்கே 60-தான் காட்டும்.

அதனால் சென்சார் கனெக்டரிலேயே கேன் ஹை, கேன் லோ என்ற அந்த இரண்டு வயருக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். (பக்கத்தில் இருந்த மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குடையது. அதில் மீட்டர் முனையை வைக்கவே கூடாது.) அங்கேயும் 60. ஸ்டியரிங்கை மெதுவாகக் கீழே இறக்கினேன், ஓப்பன் ஆனது, அதாவது இணைப்பு விட்டுப்போனது. மேலே ஏற்றினேன், 60. நானும் மனைவியும் மாறி மாறி ஓட்டுவதால் அதை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்போம். டேப்பைப் பிரித்துப் பார்த்தால் வயரின் மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. லேசாக இழுத்ததும் ஒரே ஒரு இடம் மட்டும் ரப்பர் போல நீண்டது. அங்கே வெட்டினேன். உள்ளே தாமிர இழைகள் மொத்தமும் முறிந்து, நுனிகள் கறுத்திருந்தன.

புது வயர் சேர்த்து சால்டர் வைத்து, இரண்டு வயரையும் பழையபடி முறுக்கி, ஸ்டியரிங் இறங்கும்போது இழுபடாதபடி கொஞ்சம் தளர்வாகக் கட்டினேன். 14 மாதம் ஆகிறது. இன்றும் அதே பழைய சென்சார்தான், விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. போன வாரம் ஸ்டியரிங்கை அடிவரை இறக்கி வைத்து மறுபடி அளந்தேன், 60 அசையவில்லை.