மிதவைத் தூண்டிலும் தரைத் தூண்டிலும்

நீண்ட கயிற்றில் ஏராளமான தூண்டில் முட்களைக் கோத்துக் கடலில் விடும் ஆயிரங்கால் தூண்டில் என்ற ஒரே பெயரின்கீழ் வந்தாலும், மேல்நீரில் மிதவைகளில் தொங்கும் தூண்டிலும் கடலடியில் கிடக்கும் தூண்டிலும் வெவ்வேறு தொழில்கள் என்றே நான் கருதுகிறேன். முன்னதில் தாய்க்கயிறு சில வேளை 100 கிலோமீட்டர் வரை நீளும். அதிலிருந்து இறங்கும் கிளைக்கயிறுகளின் முட்கள் சூரையையும் வாள்மீனையும் குறிவைக்கின்றன. பின்னதில் எடைகளும் நங்கூரங்களும் கயிற்றைத் தரையோடு இருத்த, காட், ஹாலிபட் போன்ற அடிமீன்கள் சிக்குகின்றன.

கப்பல்களும் இதற்கேற்ப மாறுகின்றன. பச்சையாக உண்ணப்படும் சூரைக்காக மாதக்கணக்கில் கடலில் நிற்கும் பெரிய கப்பல்கள், சதையின் நிறம் கெடாதிருக்க, சுழியத்துக்குக் கீழே 60 டிகிரி செல்சியஸ் வரை குளிரூட்டும் அறைகளைக் கொண்டுள்ளன. அடிமீன் கப்பல்கள் பலவற்றில் இரையை முள்ளில் கோக்கும் வேலையை இயந்திரமே செய்கிறது.

மிகுந்த வருத்தம் தருவது, வேண்டாத உயிர்கள் சிக்குவதுதான். இரு முறைகளிலும், கயிறு மூழ்குமுன் இரைமேல் பாயும் ஆல்பட்ராஸ் பறவைகள் முள்ளில் மாட்டி, நீருக்குள் இழுபட்டு இறக்கின்றன. இரவில் கயிறு விடுவதும், பறவைகளை விரட்டும் நாடாக்கயிறு கட்டுவதும், எடை கூட்டி விரைவில் மூழ்கச் செய்வதும் இந்த இழப்பைப் பெரிதும் குறைக்கும். கடலாமைக்கு மிதவைத் தூண்டிலே கூடுதல் ஆபத்து என்பதால், அங்கு முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். தரைத் தூண்டில் பவளத்தில் சிக்கினால் அதை முறிக்கிறது. எனினும் கடலடியை வாரிச் செல்லும் அடிமட்ட இழுவலையோடு ஒப்பிட்டால் அச்சேதம் குறைவே.