ஒரே டச்பேட், மூன்று வாசல்: பிஎஸ்/2, எஸ்எம்பஸ், ஐ2சி

லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் டச்பேட் தகராறு செய்தால் பலரும் நேராகப் போய் நிற்பது செட்டிங்ஸில்தான். வேகத்தைக் கூட்டிப் பார்ப்பது, குறைத்துப் பார்ப்பது, அதுவும் சரிவரவில்லை என்றால் விரல் அசைவைப் பாயின்டர் அசைவாக மாற்றும் லிப்இன்புட்டைத் தூக்கிவிட்டு எக்ஸ்ஆர்க்கின் பழைய சைனாப்டிக்ஸ் டிரைவரைப் போட்டுப் பார்ப்பது. பெரும்பாலும் பிரயோஜனம் இருக்காது. இரண்டுமே கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) கொடுப்பதை வாங்கிப் பயன்படுத்துகிறவை. மூன்றாவது விரல் எங்கே இருக்கிறது என்று கர்னலுக்கே தெரியாதபோது மேலே எந்த டிரைவரை மாற்றி என்ன ஆகப்போகிறது?

சைனாப்டிக்ஸ் நிறுவனத்தின் டச்பேட் உள்ள லெனோவோ திங்க்பேட்களை எடுத்துக்கொள்வோம், டி440 முதல் டி480 வரை. லினக்ஸ் போடுவதற்கென்றே செகண்ட் ஹேண்டில் இவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் நிறைய. இந்த டச்பேட்களுக்கு பிஎஸ்/2, எஸ்எம்பஸ் என்று இரண்டு வாசல், அதாவது கணினியோடு பேசும் வழி, உண்டு; எதன் வழியாகப் போனாலும் உள்ளே இருப்பது அதே சென்சார்தான். புதிய லேப்டாப்களில் மூன்றாவதாக ஐ2சி. உங்களுடையது எது என்று அறிய லிப்இன்புட் லிஸ்ட்-டிவைசஸ் கட்டளையை ஓட்டுங்கள். பெயர் ‘சின்பிஎஸ்/2’ என்று தொடங்கினால் பிஎஸ்/2. ‘சைனாப்டிக்ஸ் டிஎம்’ என்று ஆரம்பித்து ஒரு எண் வந்தால் எஸ்எம்பஸ். பெயருக்குள் 06சிபி என்று தெரிந்தால் (சைனாப்டிக்ஸின் வெண்டார் எண் அது) அநேகமாக ஐ2சி.

பிஎஸ்/2 என்பது ஐபிஎம் 1987-ல் கொண்டுவந்த சங்கதி. சைனாப்டிக்ஸ் அதில் அனுப்புவது 6 பைட் பாக்கெட்டுகள், வினாடிக்கு 80. ஒரு விரலுக்கு அது தாராளம். இரண்டு விரல் வைத்தால் பாக்கெட்டுகள் மாறி மாறிப் போக வேண்டும், அதனால் ஒவ்வொரு விரலுக்கும் பாதிதான் கிடைக்கும். மூன்றாவது விரல் வந்தால் ‘மூன்று இருக்கிறது’ என்ற கணக்கு மட்டும் வரும், இடம் வராது. இது எங்கே கடிக்கும் என்றால், கட்டை விரலை அடியில் கிளிக் பகுதியில் சும்மா வைத்துக்கொண்டு மற்ற இரண்டு விரலால் ஸ்க்ரோல் செய்கிறவர்களுக்கு. கட்டை விரல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே லிப்இன்புட் அதை ஒதுக்கும்? தெரியாததால் மூன்று விரல் சைகை என்று எடுத்துக்கொள்கிறது, ஸ்க்ரோல் நின்றுவிடுகிறது. ‘லினக்ஸில் டச்பேட் மோசம்’ என்ற புலம்பலில் கொஞ்சமாவது இங்கிருந்து வந்தது என்பது என் எண்ணம். ஆனால் ஒன்று, பிஎஸ்/2 லேசில் கைவிடாது. எவ்வளவு பழைய கர்னலானாலும், இன்ஸ்டாலர் திரையானாலும் பாயின்டர் நகரும்.

எஸ்எம்பஸ் வழியில் அதே டச்பேட் ஆர்எம்ஐ4 என்ற தன் சொந்த நெறிமுறையில் பேசுகிறது, ஐந்து விரல்களின் இடமும் வருகிறது. ரெட் ஹேட்டின் பெஞ்சமின் டிஸ்ஸுவார் இதில் முக்கியமாக உழைத்தவர். 2017-ல் வந்த 4.12 கர்னலில் இந்த இணைப்பு முழுமையானது. விரல் அசைவில் வித்தியாசம் கையிலேயே தெரியும். வேலை நடக்கும் விதம்தான் சற்றுச் சிக்கல்: முதலில் பிஎஸ்மவுஸ் டிரைவர் பழைய வழியில் பேசி, டச்பேட்டை அடையாளம் கண்டு, அதன் பிறகு எஸ்எம்பஸ் பக்கம் கைமாற்றிவிடுகிறது. இன்டெல் சிப்செட்டுக்கான ஐ2சி_ஐ801 மாட்யூல் (கர்னலில் ஏற்றும் டிரைவர் துண்டு) ஏறியிருக்க வேண்டும். உபுண்டு பல வருடம் இதை பிளாக்லிஸ்டில், அதாவது தானாக ஏற்றக் கூடாதவற்றின் பட்டியலில், வைத்திருந்தது, ஏதோ ஒரு பழைய லேப்டாப் ஸ்லீப்புக்குப் போக மறுத்தது என்பதற்காக! அதோடு உங்கள் மாடலின் ஐடி கர்னலின் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘உங்கள் டச்பேட் வேறொரு பஸ்ஸிலும் இயங்கும் என்கிறது, சைனாப்டிக்ஸ்_இன்டர்டச் என்பதை 1 என்று வைத்துப் பாருங்கள்’ என்கிற மாதிரி ஒரு வரி கர்னல் லாகில் கிடக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

இதன் தலைவலி ஸ்லீப்பிலிருந்து எழும்போது வருகிறது. பிஎஸ்/2, எஸ்எம்பஸ் இரண்டு வழிகளும் சரியான வரிசையில் விழிக்க வேண்டும், வரிசை பிசகினால் டச்பேட் செத்துக் கிடக்கும். கீபோர்டு நடுவில் இருக்கும் சிவப்புக் குமிழான டிராக்பாயின்ட்டும் டச்பேட் வழியாகவே இணைந்திருப்பதால் அதுவும் சேர்ந்து படுத்துவிடலாம். பிஎஸ்மவுஸ் மாட்யூலை இறக்கி ஏற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். திங்க்பேட் எக்ஸ்1 எக்ஸ்ட்ரீம் முதல் தலைமுறையைக் கர்னலின் பட்டியலில் சேர்த்துவிட்டுப் பிறகு எடுத்ததும் நடந்தது.

ஐ2சி இருந்தால் யோசிக்கவே வேண்டாம். விண்டோஸ் 8 காலத்தில் மைக்ரோசாஃப்ட் வகுத்த பொது முறை, லினக்ஸில் 3.8-லிருந்து உண்டு. தயாரித்தது சைனாப்டிக்ஸோ ஈலானோ, டிரைவர் ஒன்றுதான். லிப்இன்புட் காட்டும் பட்டியலில் ஒரே டச்பேட் ‘மவுஸ்’, ‘டச்பேட்’ என்று இரண்டாகத் தெரிந்தால் பதற வேண்டாம். அது முதலில் மவுஸாகத்தான் விழிக்கும், எச்ஐடி-மல்டிடச் டிரைவர் ‘மோட் 3’ என்று எழுதியதும் டச்பேடாக மாறும். அப்புறம் அந்த மவுஸ் பதிவு சும்மா கிடக்கும், அவ்வளவுதான். சில லேப்டாப்களில் இதே டச்பேட் பிஎஸ்/2 பக்கமும் தலைகாட்டிக் குழப்பும், அங்கே பிஎஸ்மவுஸைத் தடை செய்துவிடலாம். டச்பேட் தெரிகிறது, ஆனால் அசைவே இல்லை என்றால் சந்தேகம் இன்டர்ரப்ட் (விரல் பட்டதும் டச்பேட் அனுப்பும் சமிக்ஞை) மேல் போக வேண்டும். அந்தச் சமிக்ஞையை வாங்கும் சிப்செட்டின் ஜிபிஐஓ டிரைவர் இல்லாத பழைய கர்னலாக இருக்கலாம், கர்னலைப் புதுப்பியுங்கள்.

டி480 மாதிரி இரண்டு வாசல் மட்டும் உள்ளவர்களுக்கு என் சிபாரிசு எஸ்எம்பஸ்தான். டிராக்பாயின்ட்டே கதி என்று இருப்பவர், நாளைக்குப் பத்து தடவை மூடியை மூடித் திறப்பவர் என்றால் மட்டும் சைனாப்டிக்ஸ்_இன்டர்டச் பாராமீட்டரை 0 என்று வைத்து பிஎஸ்/2-விலேயே இருங்கள். மூன்று விரல் சைகைகளை நீங்கள் எப்படியும் பயன்படுத்தப்போவதில்லை.