வெற்று முள்ளெலியை யார் தின்பது?

வடக்கு கலிபோர்னியாவின் மெண்டொசினோ கரையை ஒட்டிக் கடலுக்கடியில் ஒரு காடு இருந்தது. புல் கெல்ப் (bull kelp) என்ற பெரும்பாசிக் காடு. 2013-ல் நட்சத்திர மீன்களை உருக்கிக் கொல்லும் நோய் வந்தது. மறு ஆண்டே கடல் சூடேறி, 2016 வரை தணியவில்லை. கெல்பைத் தின்னும் ஊதா கடல் முள்ளெலியை (sea urchin, உடலெங்கும் முள் கொண்ட உருண்டையான கடல் உயிரி) தின்ன நட்சத்திர மீன் இல்லை, கெல்புக்கு வளரத் தெம்பில்லை. முள்ளெலிகள் 60 மடங்கு பெருகின. 350 கிலோமீட்டர் கரையில் காடு 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. அதை நம்பியிருந்த, உணவுக்காகச் சிவப்பு முள்ளெலி எடுக்கும் தொழில் படுத்துவிட்டது. அபலோன் என்ற கடல் நத்தையை எடுப்பதை 2018-ல் மூடினார்கள்.

காட்டை மீட்க நாலு வழி பேசப்படுகிறது: சுத்தியல், சந்தை, நீர்நாய், நட்சத்திர மீன். அலசுவதற்கு முன் ஊதா முள்ளெலியின் ஒரு குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தின்னக் கெல்ப் இல்லாவிட்டாலும் அது சாகாது. வருடக்கணக்கில் பட்டினி கிடந்தபடி பாறையைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. இன்னொன்று: காட்டை அழிக்க எத்தனை முள்ளெலி தேவைப்பட்டதோ, காடு திரும்ப ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைக்க வேண்டும். கலிபோர்னியாவில் வைத்திருக்கும் இலக்கு சதுர மீட்டருக்கு இரண்டு. பாதியாகக் குறைத்தோம் என்று சொல்லிக்கொள்வதில் பயனே இல்லை.

இந்த வெற்று ஓட்டில்தான் சந்தை வழி இடறுகிறது. மனிதர் உண்பது முள்ளெலியின் ஐந்து இதழ் போன்ற இனப்பெருக்க உறுப்பை. ஜப்பானில் அதன் பெயர் யூனி. 1960-களில் கலிபோர்னியாவில் முள்ளெலியைச் சுட்ட சுண்ணாம்பு தூவிக் கொன்றார்கள். அடுத்த பத்தாண்டில் ஜப்பான் சந்தை திறந்ததும் அதே சிவப்பு முள்ளெலி காசாகிவிட்டது. ஊதாவிலும் அப்படிச் செய்யலாமே என்பது நியாயமான கேள்வி. ஆனால் காசாவது கெல்ப் தின்று கொழுத்த முள்ளெலி. கெல்ப் அழிந்த தரிசுப் பாறையில் கிடப்பதை அள்ளி வந்து, தொட்டியில் இரண்டு மூன்று மாதம் தீனி போட்டுக் கொழுக்க வைத்து விற்கும் முயற்சிகள் ஜப்பான், நார்வே உட்படப் பல இடங்களில் நடக்கின்றன. எனக்குப் பிடித்த யோசனைதான். ஆனாலும் ஒரு நெருடல். தொட்டி கொள்ளும் அளவுக்குத்தான் அள்ளுவார்கள். கடலுக்கு வேண்டியதோ ஒரு குடாவை அநேகமாகத் துடைத்தெடுப்பது. அப்புறம், தொழில் செழித்துவிட்டால் தரிசு ஒழிய வேண்டும் என்று யார் ஆசைப்படுவார்?

நீர்நாய்க்கும் யூனிக்காரரின் நாக்குதான் என்பது வேடிக்கை. உடலில் கொழுப்புப் படலம் இல்லாததால் தினமும் தன் எடையில் கால் பங்கு தின்றால்தான் அதற்குக் குளிர் தாங்கும். வெற்று ஓட்டுக்கு மூழ்கி நேரத்தை வீணாக்குமா? கலிபோர்னியாவின் நடுக்கரையில் உள்ள மான்டெரேயில் ஆய்வு செய்து 2021-ல் வெளியிட்டவர்கள் கண்டது இதுவே: நீர்நாய்கள் எஞ்சிய கெல்ப் திட்டுகளில் இருந்த கொழுத்த முள்ளெலிகளைத் தேடித் தின்றன, தரிசை ஒதுக்கின. மிச்சக் காட்டைக் காக்கும் காவல்காரர் என்று சொல்லலாம்; காடு நடுபவர் அல்லர். மெண்டொசினோவில் தோல் வேட்டைக் காலத்திலேயே அவற்றைத் தீர்த்துவிட்டார்கள். திரும்பக் கொண்டுவந்தால் அபலோனையும் நண்டையும் சேர்த்துத் தின்னும், மீனவர்களோடு சண்டை நிச்சயம்.

சரி, சுத்தியல். லாஸ் ஏஞ்சலஸ் அருகே பாலோஸ் வெர்டெஸில் 2013 முதல் டைவர்கள் முள்ளெலிகளை ஒவ்வொன்றாக உடைத்துவருகிறார்கள். அங்கே வளரும் ஜயன்ட் கெல்ப் என்ற வேறு வகைக் கெல்ப் திரும்பி வந்திருக்கிறது. உடைத்தால் முட்டை கலந்து இன்னும் பெருகாதா என்று சிலர் பயப்படுவது உண்டு. பட்டினி முள்ளெலிக்குள் முட்டை இருந்தால்தானே! வடக்கே மெண்டொசினோ கரையில் நோயோ (Noyo), ஆல்பியன் என்ற குடாக்களில் சிவப்பு முள்ளெலி எடுத்துப் பிழைத்த டைவர்களையே கூலிக்கு அமர்த்தி ஊதாவை அள்ள வைத்தார்கள். வெறும் ஓட்டுக்குக் கூலி. நான்கு வழிகளில் எனக்கு நேர்மையாகப் படும் கணக்கு இதுதான். குறை, பரப்பு. அங்கே கடல் முரடு, இறங்க முடிகிற நாட்கள் குறைவு. ஒரு குடாவைச் சுத்தம் செய்யலாம், 350 கிலோமீட்டரைச் செய்ய முடியாது.

மிச்சம் சூரியகாந்தி நட்சத்திர மீன். இருபதுக்கும் மேற்பட்ட கைகளுடன் ஒரு மீட்டர் அகலம் வரை வளரும். 2023-ல் வந்த ஆய்வின்படி ஒன்று நாளுக்குச் சராசரியாக 0.68 ஊதா முள்ளெலியைத் தின்கிறது. அதைவிட முக்கியம், பட்டினி முள்ளெலியை அது ஒதுக்குவதில்லை; கொழுத்ததைவிட அதிகமாகவே தின்கிறது. மனிதரும் நீர்நாயும் வேண்டாம் என்பதை விரும்பித் தின்ன ஓர் ஆள்! ஆனால் அந்த ஆள்தான் இல்லை. 2013-ல் வந்த நோயில் 90 சதவீதத்துக்கு மேல் மடிந்துவிட்டன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஃப்ரைடே ஹார்பர் ஆய்வகத்தில் 2019 முதல் அவற்றை வளர்த்துவருகிறார்கள். நோய்க்குக் காரணம் ஒரு விப்ரியோ பாக்டீரியா என்பதே 2025-ல்தான் தெரிந்தது.

இன்றைக்கு ஒன்றைத்தான் தேர்வு செய்ய வேண்டுமென்றால் சுத்தியல் என்பேன், அதுவும் சில குடாக்களுக்கு மட்டும். புல் கெல்ப் பெரும்பாலும் ஓராண்டுப் பயிர். அந்த ஆண்டு விதைத்தூள் உதிர்க்காவிட்டால் மறு வருடம் அங்கே முளைக்க எதுவும் இருக்காது. நட்சத்திர மீன் தொட்டியை விட்டுக் கடலுக்கு வரும் வரை அந்தக் குடாக்கள்தான் நாற்றங்கால்.