பி.சி.ஓ.எஸ். பரிசோதனைத் தொகுப்பு: சேவை நன்று, சர்க்கரைக் கணக்குதான் குறைகிறது

மாதவிடாய் தள்ளித் தள்ளி வரும் என் அக்காள் மகளுக்காக, பெங்களூரு அல்சூரில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துச் செல்லும் ஒரு பரிசோதனைக்கூடத்தின் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) தொகுப்பை வாங்கினோம். சொன்ன நேரத்துக்கு வந்த பையன், ஊசியைக் கண்டாலே முகம் வெளுக்கும் அவளிடம் தமிழிலேயே பேச்சுக் கொடுத்து ஒரே குத்தில் வேலையை முடித்தான். மாலைக்குள் அறிக்கையும் வந்துவிட்டது. சேவையில் குறையில்லை.

ஆனால் தொகுப்பில் எல்.எச்., ஏ.எம்.எச்., புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு என ஹார்மோன்கள் வரிசை கட்டி நிற்க, சர்க்கரைக்கு வெறும் வயிற்று அளவு ஒன்றுதான் இருக்கிறது. இந்தக் கோளாறில் பலருக்கு இன்சுலினுக்கு உடல் சரிவரக் கட்டுப்படுவதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் மிகுதியாகச் சுரக்கும் இன்சுலின், சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. உடல் பருமன் இதை மேலும் முற்றச் செய்யும் என்றாலும், ஒல்லியானவர்களும் தப்புவதில்லை. ஆகவேதான் 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல், எடை எதுவாயினும் நோயறியும்போதே சர்க்கரையைச் சோதிக்கவும், அதற்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் முறையையே முதலில் நாடவும் சொல்கிறது. வீட்டுக்கு வருபவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியாதென்று விட்டுவிட்டார்கள் போலும். அதற்குப் பதிலாகக் கூடுதல் கட்டணத்தில் விற்கும் இன்சுலின் சோதனையோ, அதே வழிகாட்டுதலின்படி வழக்கமான சிகிச்சைக்குப் பெரிதாக உதவாதது.

மருத்துவர் சொன்னதன் பேரில் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையைத் தனியாகச் செய்தோம். வெறும் வயிற்றில் 94. இரண்டு மணி நேரம் கழித்து 158. 140ஐத் தொட்டாலே நீரிழிவுக்கு முந்தைய நிலை, 200 என்றால் நீரிழிவு. தொகுப்பின் அறிக்கையோ சர்க்கரைக்கு நேரே பச்சை நிறத்தில் ‘இயல்பு’ என்றிருந்தது.

உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 24க்கும் அதே பச்சைதான். இந்தியர்களுக்கு 23லிருந்தே அதிக எடை என்பதையும், பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதையும் இலவச ஆலோசனைக்கு அழைத்த உணவு ஆலோசகர் பேசவேயில்லை. மருத்துவரோ, 60 கிலோவில் 3 கிலோ குறைந்தாலே மாதவிடாய் சீராகத் தொடங்கலாம் என்றார்.

ஹார்மோன் சோதனைக்கு மட்டும் இந்தத் தொகுப்பை வாங்கலாம். கூடுதல் இன்சுலின் சோதனைக்கான பணத்தைக் குளுக்கோஸ் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் குமட்டும், எலுமிச்சை பிழிந்து கேட்டால் தருகிறார்கள்.