எலியா, சுண்டெலியா, மனிதனா? எந்த பீட்டா செல் லைனை வளர்ப்பது?

பீட்டா செல் லைன்களில், அதாவது கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக வைத்த வகைகளில், வளர்ச்சிக்கும் இன்சுலின் சுரப்புக்கும் ஏழாம் பொருத்தம். பிளாஸ்க்கை மளமளவென்று நிரப்பும் செல், குளுக்கோஸ் ஏறியதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ரின்எம்5எஃப் என்ற எலி செல் லைன் அந்த ரகம். சைட்டோகைன் (அழற்சியைத் தூண்டும் புரதம்) கொடுத்துச் செல் சாவதைப் பார்க்க அது போதும், சுரப்பு ஆய்வுக்கு வேண்டாம்.

சுரப்புதான் நோக்கம் என்றால் என் முதல் தேர்வு ஐஎன்எஸ்-1 குடும்பம். எக்ஸ் கதிர் பாய்ச்சி எலியில் உண்டாக்கிய இன்சுலினோமா (இன்சுலின் சுரக்கும்) கட்டியிலிருந்து 1992-இல் வந்தது. ஆர்பிஎம்ஐ 1640 என்ற வளர்ப்புத் திரவம் (மீடியம்), 10% சீரம், 50 மைக்ரோமோலார் மெர்காப்டோஎத்தனால் என்று வளர்ப்பு முறை எளிது. மெர்காப்டோஎத்தனாலை மட்டும் மறந்துவிடக் கூடாது. இதிலிருந்து 2000-இல் வந்த 832/13 குளோன் (ஒரே செல்லிலிருந்து பெருக்கிய கிளை) குளுக்கோஸுக்கு அருமையாகப் பதில் சொல்கிறது. ஆனால் ஒரு சிக்கல்: அதில் மனித இன்சுலின் மரபணுவும் நுழைக்கப்பட்டிருப்பதால் எலி இன்சுலினோடு மனித இன்சுலினும் வெளிவரும். இன்சுலினை அளக்கும் எலைசா கிட் எதைப் பிடிக்கிறது என்று பார்க்காமல் எழுதும் எண்ணை நான் நம்ப மாட்டேன். இந்தக் குழப்பம் வேண்டாதவர்கள் ஐஎன்எஸ்-1இ குளோனுக்குப் போகலாம்.

மின்6 சுண்டெலியிலிருந்து வந்தது (1990). செல்களைப் பெருகத் தூண்டும் எஸ்வி40 டி ஆன்டிஜென் என்ற வைரஸ் புரதத்தின் மரபணுவைப் புகுத்திய டிரான்ஸ்ஜெனிக் சுண்டெலி அதன் மூலம். 25 மில்லிமோலார் குளுக்கோஸ் உள்ள டிஎம்இஎம் மீடியத்தில் வளரும். உருண்டையாகத் திரளவிட்டால் தட்டில் பரவியிருப்பதைவிட நன்றாகச் சுரக்கும். பாஸேஜ் (செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்றும் முறை எண்ணிக்கை) ஏற ஏறக் குளுக்கோஸ் உணர்வு மங்கிவிடும், குளுககான், சோமடோஸ்டாட்டின் என்ற வேறு கணைய ஹார்மோன்களைச் சுரக்கும் செல்களும் கலந்திருக்கும். ஆரம்பப் பாஸேஜ்களை நிறைய உறையவைத்துக் கொள்ளும் ஒழுங்கு இல்லாத ஆய்வகத்துக்கு இது ஆகாது.

எண்டோசி-பீட்டாஹெச்1 மனிதக் கருவின் கணையத்திலிருந்து உருவாக்கப்பட்டு 2011-இல் வெளியானது. சீரம் கிடையாது, அல்புமின், நிகோட்டினமைடு, டிரான்ஸ்ஃபெரின், செலினைட் சேர்க்க வேண்டும். செல் ஒட்டிக்கொள்ளத் தட்டில் முதலில் மேட்ரிஜெல்லும் ஃபைப்ரோனெக்டினும் பூச வேண்டும். இரட்டிப்பாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆனால் 5.6 மில்லிமோலார் குளுக்கோஸில், அதாவது உடலுக்கு நெருக்கமான அளவில், வளர்வது இது ஒன்றுதான் இந்த வரிசையில். எலி செல்லில் நூறு மருந்துகளைச் சலித்துவிட்டு, தேறியவற்றை மட்டும் இதில் சோதிப்பதே கட்டுப்படியாகும்.

குளுககான்தான் வேண்டும் என்றால் இவை எதுவும் உதவாது. ஆல்பாடிசி1 என்ற சுண்டெலி ஆல்பா செல் லைனின் குளோன் 6 அல்லது 9 வாங்குங்கள். குளோன் பிரிக்காத மூல லைன் வேண்டாம், அதில் இன்சுலின் மரபணுவும் வேலை செய்யும்.